வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்கள்

ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிறவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "வீட்டில் மொத்தம் எத்தனை பேர், அம்மா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "நான், அவர், மாமியார், குழந்தைகள் இரண்டு, ஆக ஐந்து பேர்" என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் உண்மைக் கணக்கு அதுதானா? அடுக்களைத் தொட்டிக்குக் கீழே ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. அரிசி டப்பாவுக்குள் இன்னொன்று. புத்தக அலமாரியில் ஒன்று, பட்டுப் புடவைப் பெட்டியில் ஒன்று, மொட்டைமாடிச் செம்பருத்தியில் ஒன்று! இவர்கள் வாடகை கொடுப்பதில்லை, முன்பணமும் கொடுப்பதில்லை. காலி செய்யச் சொன்னால் கோர்ட்டுக்கும் போகமாட்டார்கள், வெளியேயும் போகமாட்டார்கள்!

இவர்களைக் கிளப்ப நாம் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய், "பூச்சி மருந்து ஒன்று கொடுங்கள்" என்கிறோம். "என்ன பூச்சி?" என்று கடைக்காரர் கேட்பதில்லை. "சின்ன டப்பாவா, பெரிய டப்பாவா?" என்றுதான் கேட்கிறார். வயிற்று வலிக்காரனுக்கும் கண் வலிக்காரனுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து மருந்து ஊற்றிக் கொடுக்கும் வைத்தியர் ஒருவர் இருந்தால், அவரிடம் குழந்தையை அழைத்துக்கொண்டு போவோமா? பூச்சி விஷயத்தில் மட்டும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம்.

இதனால் இரண்டு நஷ்டம். ஒன்று, பூச்சி போவதில்லை. மற்றது இன்னும் பெரியது. நம் பேச்சில் ஒரு விபரீதம் இருக்கிறது. காய்ச்சலைத் தீர்ப்பதும் மருந்துதான். கரப்பானைக் கொல்வதும் 'மருந்து'தான்! விஷத்துக்கு மருந்து என்று செல்லப் பெயர் வைத்துவிட்ட காரணத்தால், அதை அடுக்களை அலமாரியிலேயே, உப்புக்கும் புளிக்கும் பக்கத்திலேயே வைக்கிறோம். தரையில் தவழ்ந்து, கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு இந்தப் பெயர் வித்தியாசமெல்லாம் தெரியாது.

ஆகவே முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். அப்புறம் யாருக்கு எது என்று தீர்மானிப்போம்.

பெயர் ஒன்று, பூர்வீகம் ஒன்று

கரப்பான் பூச்சி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் வீடுகளில் முக்கியமாக இரண்டு ஜாதி உண்டு. சாக்கடைத் துவாரத்திலிருந்து இரவில் கிளம்பி வந்து, விளக்கைப் போட்டதும் நம்மையும் அலறவைத்துத் தானும் ஓடுகிறதே, ஒன்றரை அங்குல நீளத்தில் செம்பழுப்பாக, அது பெரிய கரப்பான். அதற்கு 'அமெரிக்கக் கரப்பான்' என்று பெயர். ஆனால் அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள். இன்னொன்று அரை அங்குலம்தான் இருக்கும். வெளிர் பழுப்பு நிறம். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள். மிக்ஸியின் அடியில், குளிர்சாதனப் பெட்டியின் ரப்பர் விளிம்பில், அலமாரிக் கதவின் கீலில் கூட்டமாக ஒளிந்திருக்கும். இதற்கு 'ஜெர்மன் கரப்பான்' என்று பெயர். 1767 இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் பண்டிதர் வைத்த பெயர் அது. பாவம், ஜெர்மானியர்கள்! 2024 இல் வெளியான மரபணு ஆராய்ச்சி, இந்தச் சின்னக் கரப்பான் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பக்கத்தில் தோன்றியது என்று சொல்லிவிட்டது. நம் ஊர்ச் சரக்குதான் உலகம் சுற்றிவிட்டு, அயல்நாட்டுப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

எந்தக் கரப்பான் என்று தெரிந்தால் என்ன லாபம்? நிறைய உண்டு. பெரிய கரப்பானின் வீடு உங்கள் வீடு அல்ல; சாக்கடை. உங்கள் அடுக்களைக்கு அது விருந்தாளி. தண்ணீர் போகும் துவாரங்களுக்கெல்லாம் நெருக்கமான கண்ணுள்ள வலைமூடி போட்டு, ராத்திரி படுக்கப்போகுமுன் தொட்டியைத் துடைத்து உலர வைத்தால் பாதிக்கு மேல் குறைந்துவிடும். சின்னக் கரப்பான் அப்படியல்ல. அது உங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்கிறது. பெண் கரப்பான் 30, 40 முட்டைகள் கொண்ட பையை, அவை பொரிக்கப்போகும் தறுவாய் வரையில் தன் உடம்போடு சுமந்துகொண்டே திரியும். கடையிலிருந்து வரும் அட்டைப் பெட்டிகளில் ஒளிந்துகொண்டு வருவதும் இதுதான். ஆகையால் அட்டைப் பெட்டியை அடுக்களைக்குள் கொண்டுபோகாமல் கூடத்திலேயே பிரித்துச் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கரப்பானுக்குத் தெளிப்பான் உபயோகித்தால், நாலு சாகும். நாற்பது அடுத்த அறைக்குக் குடியேறும். மிஞ்சியவற்றின் சந்ததி அந்த விஷத்துக்குப் பழகியும் போய்விடுகிறது. அதற்குப் பதில், கடையில் ஊசிக்குழலில் வரும் பசையை, கீல் இடுக்கிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலும் கடுகளவு கடுகளவாக வைப்பது மேல். அதைத் தின்ற கரப்பான் தன் பொந்துக்குப் போய்த்தான் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்ற மற்றவையும் சாகும். ஒன்றுக்கு வைத்த விருந்தில் பத்துப் பேர் முடிந்துபோவார்கள். பசை வைத்த இடத்தில் தெளிப்பானை அடிக்கக் கூடாது. அந்த வாடைக்குப் பயந்து கரப்பான் பசையின் பக்கமே வராது.

போரிக் ஆஸிட் பொடியும் நல்ல உபாயமே. ஆனால் குவித்து வைத்தால் கரப்பான் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இருக்கிறதோ இல்லையோ என்னும்படி மெல்லியதாக, குழந்தையின் கை எட்டாத இடுக்கில் மட்டுமே தூவ வேண்டும். வயிற்றுக்குள் போனால் அதுவும் விஷம்தான்.

அருவருப்புக்காக மட்டும் இவ்வளவும் சொல்லவில்லை. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியாகிக் காற்றில் கலந்தால், சில குழந்தைகளுக்கு ஆஸ்த்துமா இழுப்பு வரும். இரவில் இழுத்து இழுத்து மூச்சு விடும் குழந்தைக்குச் சில சமயம் வைத்தியம் அடுக்களையிலிருந்து ஆரம்பமாக வேண்டியிருக்கிறது.

எறும்பு ஊர்வலம்

வாசலில் அரிசி மாவுக் கோலம் போட்டு எறும்புக்கு அன்னமிடுவது நம் வழக்கம். ஆனால் வாசலில் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை டப்பா வரைக்கும் விசாரித்துக்கொண்டு வந்துவிடுகிறதே, என்ன செய்வது?

எறும்பு கண்ணால் வழி கண்டுபிடிப்பதைவிட மணத்தால் கண்டுபிடிப்பதுதான் அதிகம். முதலில் வந்த எறும்பு திரும்பிப் போகும்போது தரையில் ஒரு வாசனைக் கோடு இழுத்துக்கொண்டு போகிறது. பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் ராஜபாட்டை. வரிசையாகப் போகும் எறும்பை மட்டும் கொன்றுவிட்டுக் கோட்டை விட்டுவைத்தால், அரை மணியில் அடுத்த ஊர்வலம் வந்துவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அந்த வழி முழுவதையும் துடைத்துவிடுங்கள். அப்புறம் அவை நுழையும் விரிசலைச் சிமெண்டால் அடைத்துவிடுங்கள்.

கண்ணுக்கே தெரியாத அளவில், வெளிர் மஞ்சளாக ஒரு எறும்பு உண்டு. ஒரே புற்றில் பல ராணிகள் இருப்பது இதன் விசேஷம். இதன் மேல் மருந்து தெளித்தால், ஆபத்து வந்துவிட்டது என்று தெரிந்து, ஒவ்வொரு ராணியும் ஒரு கோஷ்டியை அழைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும்! ஒரு புற்று நாலு புற்றாகிவிடும். தெளிப்பது தப்பு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அரிசிக்குள் ஒரு தொட்டில்

"டப்பாவை இறுக்கி மூடித்தானே வைத்தேன், வண்டு எப்படி வந்தது?" என்று கேட்காத இல்லத்தரசி கிடையாது. வண்டு வெளியிலிருந்து வரவில்லை, அம்மணி, உள்ளேயே இருந்தது.

அரிசி வண்டை ஒன்று பிடித்து வெள்ளைக் காகிதத்தின் மேல் விட்டுப் பாருங்கள். எள்ளைப்போல் இருக்கும், முன்னால் யானைத் துதிக்கைபோல ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்கால் பெண் வண்டு அரிசியில் ஒரு துளை போடுகிறது. ஒரு முட்டை வைக்கிறது. பிறகு பசை போட்டுத் துளையை அடைத்துவிடுகிறது. புழு அரிசிக்குள்ளேயே பிறந்து, அரிசியையே தின்று, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வருகிறது. நீங்கள் வாங்கிய அன்று சலித்துப் புடைத்துப் பார்த்திருந்தாலும் இது தெரியாது.

பயறு வண்டின் தந்திரம் வேறு. பச்சைப் பயறு, காராமணி, கொண்டைக்கடலை இவற்றின் தோல் மேல் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அவைதாம் முட்டைகள். வயலில் காய் முற்றும்போதே முட்டை வைத்துவிடும். வளர்ந்த வண்டு பயறைத் தின்பதே இல்லை. தின்பதெல்லாம் உள்ளே இருக்கும் புழு. வண்டு வெளியே வந்த வழிதான் அந்த வட்டமான ஓட்டை. மைதாவிலும் ரவையிலும் காணப்படும் சப்பையான சிவப்பு வண்டு மூன்றாம் ரகம். அது பெருகிவிட்டால் மாவில் ஒரு நாற்றம் ஏறிவிடும். அந்த மாவைச் சலித்து உபயோகிக்க ஆசைப்படாமல் எறிந்துவிடுவதே உத்தமம்.

பரிகாரம் என்ன? பயறு வகைகளை நல்ல வெயிலில் காய வைக்கலாம். அரிசியைக் கடும் வெயிலில் போட்டால் உலையில் நொறுங்கிப்போகும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள், வாங்கி வந்த பயறையும் ரவையையும் ஒரு வாரம் உறைபனி அறையில் வைத்து எடுத்து, ஈரம் போக உலர்த்தி டப்பாவில் போட்டால், முட்டையும் புழுவும் உள்ளேயே மாண்டுவிடும். பழைய அரிசியின் தலையில் புது அரிசியைக் கொட்டுவது கூடாது. டப்பாவைத் துடைத்து வெயில் காட்டிய பிறகே புதியது போட வேண்டும்.

பாட்டிமார் பயறுக்கு விளக்கெண்ணெய் தடவி வைத்தது வெறும் சம்பிரதாயம் அல்ல. கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசிறி வைத்தால், முட்டைக்குள் காற்றுப் போகாமல் அது பொரிக்காது. வழவழப்பில் புது முட்டையும் ஒட்டாது. துவரைக்குச் செம்மண் கட்டியதன் ரகசியமும் இப்படித்தான். நுண்ணிய மண் வண்டின் உடம்பில் உள்ள மெழுகுப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுகிறது. ஈரம் வெளியேறி வண்டு உலர்ந்து சாகிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இன்னொரு உபாயம் கண்டிருக்கிறார்கள். துளைகள் போட்ட ஒரு குழாய். அதைத் தானியத்துக்குள் செருகி வைத்துவிட வேண்டும். வண்டுகளுக்குக் காற்று உள்ள இடத்தை நாடிப் போகும் சுபாவம். காற்று என்று நினைத்துத் துளைக்குள் நுழைந்தால், அடியில் உள்ள குப்பிக்குள் விழுந்துவிடும். ஏறி வர முடியாது. விஷமே இல்லாத பொறி!

இங்கே ஒரு எச்சரிக்கை. தானியக் கிடங்குகளில் போடும் மாத்திரை ஒன்று உண்டு. அலுமினியம் பாஸ்பைடு என்பது அதன் பெயர். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து கொடிய விஷவாயு கிளம்பும். அந்த விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. யார் 'நல்லது' என்று சொல்லிக் கொடுத்தாலும், இதை ஆள் குடியிருக்கும் வீட்டில் அரிசி மூட்டைக்கோ எலி வளைக்கோ போடவே கூடாது. வாயு சுவர் இடுக்கு வழியாக அடுத்த அறைக்குப் போகும். அங்கே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

பட்டும் புத்தகமும்

புத்தகத்தைத் திறந்தால் வெள்ளி மினுக்கோடு வழுக்கிக்கொண்டு ஓடும் இராமபாணத்துக்கு மாப்பண்டம் என்றால் உயிர். புத்தகக் கட்டின் பசையையும், கஞ்சி போட்ட பருத்திப் புடவையையும் அரிப்பது அதுதான். பட்டையும் கம்பளியையும் அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. பறக்கும் அந்து ஒன்றும் தின்னாது. அது வைத்த முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்னும். வேர்வையும் பாயசக் கறையும் பட்ட இடத்தில்தான் அது முதலில் வாய் வைக்கும்.

எனவே, கல்யாணத்துக்குக் கட்டிய பட்டைக் காற்றாட உலர்த்தாமல் பெட்டியில் வைக்கக் கூடாது. கஞ்சி போட்ட புடவையை நெடுநாள் மடித்து வைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, நிழலில் விரித்து, மடிப்பை மாற்றி வைத்தால், இருட்டையும் அமைதியையும் விரும்பும் இந்தப் பிராணிகளுக்கு அங்கே நிலைக்க முடியாது.

பாச்சை உருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க மிட்டாய் போலவே இருக்கும். குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் பேராபத்து. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு சத்துக் குறைவு இருக்கும். அவர்களுக்கு இதன் நெடியே இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். பச்சைக் குழந்தையின் துணிகளுக்கு நடுவே பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம்.

மூட்டைப்பூச்சி திரும்பிய கதை

ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகையிலும் ரயில் பெஞ்சியிலும் மூட்டைப்பூச்சி இல்லாத இடம் இல்லை. 1939 இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து பால் முல்லர், டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் சக்தியைக் கண்டுபிடித்தார். 1948 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் பரிசு கொடுப்பதற்கு ஒரு வருஷம் முன்பே, 1947 இல், ஹவாய்த் தீவில் டி.டி.டி.க்கு மசியாத மூட்டைப்பூச்சி தலைகாட்டிவிட்டது! மனிதன் பாராட்டு விழா நடத்துவதற்குள் பூச்சி பாடம் படித்து முடித்துவிட்டது. டி.டி.டி. நிலத்திலும் நீரிலும் வருஷக்கணக்காகத் தங்கி, உயிர்களின் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகிறது என்று பிற்பாடு தெரிந்தது. 1989 இல் நம் நாட்டு விவசாயத்தில் அதற்குத் தடை வந்தது. மூட்டைப்பூச்சியோ உலகத்தின் பெரிய பெரிய ஹோட்டல்களுக்கெல்லாம் மீண்டும் குடிவந்துவிட்டது.

அது பல மாதம் பட்டினி கிடக்கும், விஷத்துக்குப் பழகிக்கொள்ளும். ஆனால் சூட்டுக்கு மட்டும் அது பழகியதில்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைக் கட்டில் சந்துகளில் ஊற்றினார்களே நம் பெரியவர்கள், அந்த முறையை விஞ்ஞானமும் ஆமோதிக்கிறது. போர்வை, தலையணை உறைகளை வெந்நீரில் தோய்த்து வெயிலில் காய வையுங்கள். மெத்தைத் தையலில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளியூரிலிருந்து திரும்பினால் பெட்டியைப் படுக்கையின் மேல் வைத்துப் பிரிக்காதீர்கள்.

ஏழு நாள் கணக்கு

கொசுவிலும் ஜாதி உண்டு. சாக்கடைக் கொசு ராத்திரியில் கடித்துத் தூக்கத்தைக் கெடுக்கும். கழிவுத்தொட்டியின் காற்றுக்குழாய்க்கு வலை கட்டினால் குறையும். மலேரியாக் கொசு சென்னை போன்ற நகரங்களில் மூடாத மேல்மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிறது. டெங்குக் கொசுவுக்குக் காலில் வெள்ளை வளையங்கள் இருக்கும். அது பகலில் கடிக்கும். சாக்கடையை அது திரும்பியும் பார்க்காது. சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் நீர் சொட்டும் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய் ஓடு, பழைய டயர் இவைதாம் அதன் பிரசவ விடுதிகள்.

இந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் வைப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை பல மாதம் காய்ந்தே கிடந்து, அடுத்த மழையில் பொரித்துவிடும். ஆகையால் கொட்டினால் போதாது. தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. வாரத்துக்கு ஒரு நாள் தவறாமல் தேய்த்துவிட்டால், ஒரு கொசுவும் சிறகு முளைத்துப் பறக்காது.

சுருளைக் கொளுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: ஒரு கொசுவர்த்திச் சுருளிலிருந்து கிளம்பும் நுண்ணிய தூள், 75 முதல் 137 சிகரெட்டுகளிலிருந்து வருவதற்குச் சமம் என்று 2003 இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. கொசு வலையிலிருந்து புகை வருவதில்லை!

தோட்டத்தில் நண்பன் யார், பகைவன் யார்?

இனி மாடித் தோட்டத்துக்கு வாருங்கள். செம்பருத்தியின் குருத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறதே, அது மாவுப்பூச்சி. அவரைக் கொழுந்தில் கறுப்பாக அப்பிக்கொண்டிருப்பது அசுவினி. இரண்டும் செடியின் சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற கழிவை வெளிவிடும். அந்தத் தேனுக்காக எறும்புகள் வரும். நாம் பசுவை வளர்ப்பதுபோல் எறும்பு இவற்றை வளர்க்கும். எதிரிகள் வந்தால் விரட்டும். ஆகையால் செடியில் எறும்பு ஏறினால், மேலே யாரோ பால் கறக்கிறார்கள் என்று அர்த்தம்! முதலில் அடித்தண்டில் வாஸலின் தடவிய ஒரு பட்டையைச் சுற்றி எறும்பின் வழியை அடையுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீச்சி அடியுங்கள். மிஞ்சியதற்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் நன்றாகக் கலந்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள்.

கத்திரிச் செடியில் நுனிக் குருத்து மட்டும் வாடித் தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று எண்ண வேண்டாம்; உள்ளே புழு இருக்கிறது. வாடிய நுனியைக் கிள்ளி அழித்துவிட்டால், அந்தப் புழு காய்க்குப் போகாது. முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி கும்பலாக அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், நீளமான கழியில் துணி சுற்றிச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து வழித்துத் தள்ளலாம். கை, முகம் மூடிக்கொள்ள வேண்டும். மயிர் மேலே பட்டுவிட்டால் தேய்க்காமல் கழுவ வேண்டும்.

சிலரைத் தொடவே கூடாது. கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் உட்கார்ந்திருக்கும் புழு, சில நாளில் பச்சையாகிக் கொழுக்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு நீட்டி நாற்றம் விடும். அழகான பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றின் குழந்தை அது. நாலு இலையைத் தியாகம் செய்யலாம். பொறிவண்டை எல்லாரும் அறிவோம். ஆனால் அதன் புழு, முதலைக் குட்டிபோல முள்ளும் ஆரஞ்சுப் புள்ளியுமாக இருக்கும், பயந்துபோய் நசுக்கிவிடுகிறோம். அது ஒரு நாளில் எத்தனையோ அசுவினிகளைத் தின்று தீர்க்கிறது! 1898 இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்த ஒரு பொறிவண்டு இருக்கிறது. மாவுப்பூச்சிதான் அதற்கு ஆகாரம். வேடிக்கை என்னவென்றால், அதன் புழுவும் மேலெல்லாம் வெள்ளைப் பஞ்சு போர்த்துக்கொண்டு மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, சுறுசுறுப்பாக ஓடுகிறதா? அதை விட்டுவிடுங்கள், அது போலீஸ்காரர், திருடனின் வேஷத்தில் வந்திருக்கிறார்.

கடுகைவிடச் சிறிய வீரன்

ஆளைத் தெரிந்துகொள்வதன் பெருமைக்கு ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை. 2008 ஜூலையில் கோயம்புத்தூரில் ஒரு புது மாவுப்பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. மெக்ஸிகோவைச் சேர்ந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று ஒன்றையும் விடாமல் வெள்ளை பூசிக்கொண்டு போயிற்று. பப்பாளித் தோட்டங்கள் பாழாயின. பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை இல்லாமல் போயிற்று. விவசாயிகள் மருந்துக்கு மேல் மருந்து அடித்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருந்த பூச்சிக்கு அது பெரிதாக உறைக்கவில்லை.

பூச்சியியல் நிபுணர்கள் கேட்ட கேள்வி வேறு: "இது எந்த ஊர்க்காரன்? அந்த ஊரில் இவனை அடக்குகிறவன் யார்?" அந்த ஊரில் ஒரு குளவி உண்டு, கடுகைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளேயிருந்தே தின்று, கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளியே வரும். மனிதரைக் கொட்டாது, வேறு பயிரைத் தொடாது. 2010 இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதைப் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தருவித்துப் பரிசோதித்தார்கள். அதே வருஷம் அக்டோபரிலிருந்து வயல்களில் விட்டார்கள். கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகமும் பெருக்கிக் கொடுத்தது. அடுத்த வருஷம் முடிவதற்குள் மாவுப்பூச்சி அடங்கிப்போயிற்று. பீப்பாய் பீப்பாயாக விஷம் செய்ய முடியாததை ஒரு சிறு குளவி செய்தது. ஆனால் ஒரு நிபந்தனை: குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் முதலில் சாவது குளவிதான்.

விஷம் வாங்கியே தீரவேண்டுமானால்

சில சமயம் வாங்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது டப்பாவின் மேல் முனையில் நிற்கும் சதுரம் ஒன்றைப் பாருங்கள். 1968 ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி ஏற்பட்ட அடையாளம் அது. கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. பச்சை என்றால் 'போகலாம்' என்று அர்த்தமல்ல, அதுவும் விஷமே. சிவப்பும் மஞ்சளும் குழந்தைகள் உள்ள வீட்டுக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை.

பெயர் ஒட்டாத பொட்டலப் பொடியை வாங்காதீர்கள். எந்த விஷத்தையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வருகிற குழந்தை சீட்டைப் படித்துப் பார்ப்பதில்லை. தெளித்தால் பாத்திரம் பண்டங்களை மூடி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். தப்பித் தவறி யாராவது விழுங்கிவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, புளி கரைத்துக் கொடுப்பது ஒன்றும் வேண்டாம். சில விஷங்கள் வெளியே வரும்போது இரண்டாந்தடவை புண்ணாக்கும். மூச்சுக் குழாயிலும் புகுந்துவிடும். 108க்குத் தகவல் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கையில் அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டருக்கு முதலில் தெரியவேண்டியது அதன் பெயர்தான். பார்வைக்குக் குழந்தை நன்றாக இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். சில விஷங்கள் முதல் நாள் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் ஈரலைக் கெடுக்கும்.

இவ்வளவும் செய்ய நேரம் ஏது என்கிறீர்களா? வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவி விளக்கேற்றும் வழக்கம் நமக்கு உண்டே! அன்றைக்கே பூந்தொட்டித் தட்டைத் தேய்த்துவிடுங்கள். தொட்டிக்குக் கீழே ஒரு தடவை குனிந்து பாருங்கள். செம்பருத்திக் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். மாதத்தில் ஒரு வெள்ளி அரிசி டப்பாவுக்கு, மூன்று மாதத்தில் ஒரு வெள்ளி புடவைப் பெட்டிக்கு. விஷத்தைவிட உங்கள் கண்ணுக்குத்தான் இந்தக் குடித்தனக்காரர்கள் அதிகம் பயப்படுவார்கள்.

இன்னும் ஒன்று, அதற்குச் செலவே கிடையாது. இன்றிலிருந்து குழந்தைகள் காதுபட அந்த டப்பாவை 'மருந்து' என்று சொல்லாதீர்கள். 'விஷம்' என்றே சொல்லுங்கள். பெயரைச் சரியாகச் சொன்னாலே அது அடுக்களை அலமாரியை விட்டு, பூட்டுள்ள உயரமான இடத்துக்குத் தானாகப் போய்விடும்.